எதிர்வீட்டு டிவியில் ஏழாம் நம்பர்

உலகக் கோப்பைக் கபடி இறுதியாட்டத்தன்று பார்த்துத்தானா ரோஸ்மேரி வீட்டு டிவி உயிரை விட வேண்டும்? மகள் ஜெனிதா இந்திய அணியில் ஆடுகிறாள். எதிர்வீட்டு வத்சலாதான், "எங்க வீட்ல பாருங்கக்கா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய், சோபாவில் உட்காரவைத்து, லட்டு கொடுத்தாள்.

திரையில் அணி மொத்தத்தின் முகமும் சந்தன நிறத்தில் மின்னியது. ஜெனிதாவின் ஏழாம் நம்பர் சட்டையில் யாரோ ஒரு ஷ்ரேயா.

"அடடா, உங்க பொண்ணை இறக்கலையா?" வத்சலா நிஜமாகவே வருந்தினாள்.

ஷ்ரேயா பாடிப் போகுமுன் குனிந்து கோட்டைத் தொட்டு, தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவள் இடது முழங்காலில் ஒரு தழும்பு. ஜெனிதா சைக்கிளிலிருந்து விழுந்தபோது ரோஸ்மேரியே மஞ்சள் வைத்துக் கட்டிய காயம் அது.

ரோஸ்மேரி வாயிலிருந்த லட்டை மெல்வதை நிறுத்தினாள். அந்தந்த வீட்டு அபிப்பிராயத்துக்குப் பிடித்த முகங்களைத்தான் அந்தந்த வீட்டு டிவி காட்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால், வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் கேக் வாங்கித் தின்ற இந்த வீட்டின் அபிப்பிராயம் இதுவா?

ஷ்ரேயா மூன்று பேரை உதறிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். கோப்பை இந்தியாவுக்கு.

"நம்ம பொண்ணு, பாத்தீங்களாக்கா!" வத்சலா துள்ளிக் குதித்தாள்.

ரோஸ்மேரி மென்ற லட்டை உள்ளங்கையில் துப்பி, டீப்பாய்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கால் என் பொண்ணோடது, வத்சலா. மூஞ்சி மட்டும்தான் உன்னோடது."