பினாங்குக் கடலில் ஒரு பூ

"முதல் என்னை எரிச்சுப்போட்டு, பிறகு அந்த ஊருக்குப் போ!"

மருமகள் தேனுகாவின் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள் தெய்வநாயகி. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி எல்லாம் இருக்கிறதுதான். ஆனாலும் அந்தப் பிடியை விடுவிக்கத் தேனுகாவால் முடியவில்லை.

"எழும்புங்கோ மாமி. டிக்கெட் போட்டாச்சு. பினாங்குக் கடல்லை ஒரு பூவைப் போட்டு, ஐயரைக் கொண்டு அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்துபோட்டு ஓடி வந்திடுவன்."

"என்ர பிள்ளையை விழுங்கின ஊரடி அது! உன்னையும் குடுத்திட்டு நான் ஆரோடை இருக்கிறது?"

ஒன்பது வருடங்களுக்கு முன் மாமியும் மருமகளும் முதலில் கனடா வந்து சேர்ந்தார்கள். பின்னால் வரவேண்டிய தேனுகாவின் கணவன் பிரதாபன், பினாங்கில் ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனிடம் மாட்டி, மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு சின்னப் படகில் ஏறினானாம். படகு கவிழ்ந்துவிட்டதென்று அவனுடைய கூட்டாளி ஒருவன் போன் பண்ணி அழுதான். உடல் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இந்த இரண்டு பெண்கள்தான். வாடகை, சாப்பாடு, மாமியின் மருந்து எல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தேனுகாவின் தலையில். ஹோலில் பிரதாபனின் படம் தொங்குகிறது. அதற்கு ஒரு மாலை போட, ஒரு பொட்டு வைக்க, வருடத்தில் ஒரு திவசம் கொடுக்கக்கூடத் தெய்வநாயகி விட்டதில்லை. "என்ர கண்ணாலை காணாமல் எப்பிடியடி மாலை போடுறது?" என்பாள். பெற்ற வயிறு, பாவம்!

தேனுகாவோடு வேலை செய்யும் மாக்கஸ், மன்னார்க்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு வருடமாக அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமியையும் தங்களோடே வைத்திருக்கலாம் என்கிறார். தேனுகாதான், பிரதாபனுக்குரிய கிரியையைச் செய்யாமல் இன்னொரு தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அவளும் தரையில் உட்கார்ந்து, கைபேசியில் பினாங்கைச் சுற்றிக் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டாள். "பாருங்கோ மாமி, பயப்பிடுற ஊரே இது?"

துறைமுகத்தில் சாமான் கப்பல்கள் வரிசையாக நின்றன. கரையோரம் தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் சீனர்களின் வீடுகள், மணிக்கூட்டுக் கோபுரம், கொஞ்சம் தள்ளி வடையும் பூமாலையும் புடவையுமாகத் தமிழ்க் கடைத்தெரு. பிறகு, கார்களையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும் பெரிய ஃபெரி ஒன்று வந்தது.

"இந்த ஃபெரியிலை ஏறி, நடுக்கடல்லை பூவைப் போடலாம் எண்டு நினைச்சன்."

தெய்வநாயகி ஓரக்கண்ணால் பார்த்தாள். "உது பழைய படம். உந்தப் பெரிய ஃபெரி இப்ப ஓடுறேல்லை. சின்னன்தான் விட்டிருக்கிறாங்கள், அதிலை கார் ஏத்தாங்கள்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

கிழவி சட்டென்று சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்ர பிள்ளை கிடக்கிற ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதோ?"

தேனுகா கைபேசியைக் கீழே வைத்தாள். தான் வேலைக்குப் போன நேரங்களில் மாமியும் இப்படி வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்து, தனியே அழுதிருக்கிறாளே! ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னாளா?

"உன்ர காலிலை விழுறன் பிள்ளை." சொன்னதோடு நிற்காமல் உண்மையாகவே காலைப் பிடித்துவிட்டாள் தெய்வநாயகி. "நீ போனால் நான் இனி மருந்தைத் தொடமாட்டன். நீ திரும்பி வரேக்கை நான் உயிரோடை இருக்கமாட்டன். உன்னாணை!"

"ஐயோ மாமி, காலை விடுங்கோ! போகேல்லை. சரியா? நான் போகேல்லை."

அந்த இடத்திலேயே டிக்கெட்டை ரத்துச் செய்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாக்கஸை அழைத்தாள்.

"எனக்காக இனிக் காத்திருக்காதேங்கோ. எனக்கு இந்தச் சென்மத்திலை விடுதலை இல்லை."

அவர் ஏதோ கெஞ்சிக் கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே தோய்க்கப் போனாள். நாளைக்கும் வேலை இருக்கிறதே.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. தெய்வநாயகி எழுந்து போய்க் கதவைப் பூட்டினாள். யன்னலில் மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. உலகத்தின் அந்தப் பக்கத்தில் இப்போதுதான் விடிந்திருக்கும்.

அவள் தன் கைபேசியில் ஒரு எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் சின்னப் பிள்ளை ஒன்று சிரிப்பது கேட்டது. யாரோ அதனிடமிருந்து போனை வாங்கினார்கள்.

"பிரதாபன், அவள் வரமாட்டாள். நீ பயப்பிடாமல் கடையைத் திறவடா."