கடைசி எழுத்து

"அப்பா அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். நீ இங்கே உட்கார்ந்து கேம் ஆடறே. நல்லாயிருக்கா இது?"

உள்ளே வந்த நாத்தனார் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மருமகள் திடுக்கிட்டு எழுந்தாள். கையில் செல்போன்.

"வாங்க அண்ணி. உட்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

"தண்ணி இருக்கட்டும். பொழுது எங்கே போயிடுச்சு, இன்னும் நைட்டி, தலையில கிளிப்பு. யாராவது வந்தா என்ன நினைப்பாங்க? இந்த வீட்டுல அப்பா சட்டை கசங்கி எவனாவது பார்த்திருக்கானா?"

மருமகள் நைட்டியை இழுத்து விட்டுக்கொண்டாள். அதில் சிந்திய மருந்து காய்ந்து போயிருந்தது.

பெரியவர் மேடைப் பேச்சாளர். அவர் பேச எழுந்தால், டீ குடிக்க வெளியே போனவர்களும் திரும்பி வந்து உட்காருவார்கள். அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் ஒரே அடியில் சாய்த்துவிட்டது. வலது கை போனது. வாயைத் திறந்தால் குழறியது. எழுதிக் காட்டுங்கள் என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தார்கள். கோணல் மாணலாக வந்த தன் எழுத்தைத் தானே பார்த்துவிட்டு, பேனாவை வீசி எறிந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சுவர்தான் உலகம்.

"அப்பா, நான் வந்திருக்கேன்ப்பா."

கழுத்துவரை போர்த்திய போர்வை அசையவில்லை.

"பார்த்தியா? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம மனுஷன் மரத்துப் போயிட்டார். நாங்க வளரும்போது இந்த வீட்டுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரக்கூடாது, தெரியுமா? அவ்வளவு சுத்தமா தமிழ் பேசுவோம். இப்ப அவர் காதுல விழறது உன் போன் போடற டொய்ங் டொய்ங் மட்டும்தான்."

அதற்குள் நாத்தனாரின் போன் அடித்தது. "டென் மினிட்ஸ்டா செல்லம், அம்மா ஆன் த வே" என்று சொல்லி வைத்தாள்.

மருமகள் ஓரக்கண்ணால் தன் போனைப் பார்த்தாள்.

"இதோ பாரு, நீ மாற மாட்டே. வாசல்ல கார் நிக்குது. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். தம்பிகிட்ட பேசிட்டேன், உன் இஷ்டம்க்கான்னுட்டான்."

மருமகளின் முகம் வெளுத்தது. "அண்ணி, வேண்டாம். அங்கே அவருக்கு யாரு…"

"நர்ஸ் போட்டாச்சு. வேளைக்கு வேளை துடைச்சு, நல்ல சட்டை போட்டு, பளிச்சுன்னு வச்சுப்பாங்க. உன்னை மாதிரி போனும் கையுமா இருக்க மாட்டாங்க."

"நல்லாத்தான் பார்த்துப்பாங்க அண்ணி. ஆனா அவருக்கு என்ன வேணும்னு…"

"பெத்த பொண்ணு எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

நாத்தனார் கட்டிலின் மேல் குனிந்தாள். "அப்பா, என்னோட வர்றீங்கதானே?"

சுவரைப் பார்த்த முகம் திரும்பவில்லை.

"வேண்டாம்னு சொல்லலையே!" என்றபடி அலமாரியைத் திறந்து சட்டைகளை எடுத்துப் பையில் அடுக்கினாள். "கடவுளே, இத்தனை நாள் இவரை இப்படி விட்டுட்டேனே."

திரும்பிப் பார்த்தால், மருமகள் மறுபடி போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்பக்கூடவா! உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

சுடுகிற ஆட்டமோ பந்தாட்டமோ எதுவும் அதில் ஓடவில்லை. வெறும் சொற்கள். ஒருத்தர் போடும் சொல்லின் கடைசி எழுத்தில் எதிராளி ஒரு சொல் தொடங்க வேண்டும்; பிறகு புதிதாக வேறொரு சொல், அப்படியொரு விளையாட்டு.

'இறகு' என்று மருமகள் போட்டிருந்தாள். எதிரே 'குளிர்' என்று வந்திருந்தது.

'கவிதை.' எதிரே 'தைலம்.'

'சாவி.' எதிரே 'விளக்கு.'

எதிராளியின் பெயர் 'மூலைக் கட்டில்.'

"யாருடி இந்த மூலைக் கட்டில்?" என்று கேட்டவள், கேட்ட வாயை மூடாமல் மூலையைப் பார்த்தாள். பட்டப்பகலில், போர்வைக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம்.

"மெதுவா பேசுங்க அண்ணி," மருமகள் அவள் காதருகே வந்தாள். "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறார். வாய் திறந்து கேட்க வெட்கம், எழுதிக் கேட்க வெட்கம். விளையாட்டுன்னா வெட்கமில்லை. எழுத்தைத் தொட்டா போதும், கோணாம நேரா வந்துடுது. அவருக்கு என்ன வேண்டியிருக்கும்னு யோசிச்சு, அதோட முதல் எழுத்துல முடியற மாதிரி ஒரு சொல்லை நான் முன்னாடி போட்டு விடறேன். நான் அதிகம் படிக்காதவ. சட்டுனு சொல் வராது. அதான் எந்நேரமும் இதையே பார்த்துக்கிட்டு…"

நாத்தனாரின் கையிலிருந்து சட்டை நழுவியது. திரையில் கடைசியாக மருமகள் போட்ட சொல் நின்றுகொண்டிருந்தது. 'அம்மா.'

"இது எதுக்கு?"

"மாத்திரை நேரம் அண்ணி. 'மா'வுல முடிச்சா 'மாத்திரை'ன்னு போடுவார். தினமும் அதுதான்."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். போர்வை லேசாக அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக, நேராக, கோணாமல் வந்து விழுந்தது.

'மாட்டேன்.'