பச்சை ஆப்பிள்

பழக்கடையில் மனைவி பச்சை ஆப்பிளாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டபோதே கம்ப்யூட்டர் வாத்தியாருக்குச் சுருக்கென்றது.

"உனக்குச் சிவப்புதானே பிடிக்கும்?"

"புளிப்புதான் பிடிக்கும். நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்களேன்னு அதையே தின்னுட்டிருந்தேன்."

இத்தனை வருஷமாகவா?

கல்யாணம் பேசி முடித்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவர் வீட்டுக்கு வருவாள். சிவப்பு ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, டிவியோடு பொருத்திய சின்னக் கம்ப்யூட்டரை அவளுக்குக் கற்றுக்கொடுப்பார். புரோகிராம் பதிந்த கேசட் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும். பொறுமையாகக் காத்திருந்தால் திரையில் ஒரு புள்ளி குதிக்கும்.

அவள் தப்புத் தப்பாகத் தட்டுவாள். அவர் அவள் விரலைப் பிடித்துச் சரியான எழுத்தின் மேல் வைப்பார்.

வாத்தியார் வேலைக்கே போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது அந்த விரலைப் பிடித்தபோதுதான். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் முதல் வகுப்பை இந்தக் கதையோடுதான் தொடங்குவார். என் முதல் மாணவி என் வீட்டுக்காரி என்பார். பிள்ளைகள் சிரிக்கும்.

அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்தார். அப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது என்று ஒரு பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்.

உள்ளே அவருடையதைப் போலவே ஒரு கம்ப்யூட்டர். பாதி எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன.

"இவளோடதுதான் மாப்ள. பள்ளிக்கூடம் படிக்கறப்போ அப்பா வாங்கிக் கொடுத்தார். சோறு தண்ணி இல்லாம இதே கதியாக் கெடப்பா. இவ எழுதின விளையாட்டை விளையாடத் தெருப் பிள்ளைங்க வாசல்ல காத்துக் கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனவர், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மாமனாருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியும். ஒரு குடும்பமே கூடி அவரை முட்டாளாக்கியிருக்கிறது.

"அப்ப தப்புத் தப்பா அடிச்சதெல்லாம்?"

"வேணும்னேதான்."

"எதுக்கு? நான் என்ன பாவம் பண்ணினேன் உனக்கு?"

அவள் முந்தானையால் அந்தத் தேய்ந்த எழுத்துகளைத் துடைத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தருக்குப் பேசியிருந்தாங்க. அவர் வீட்டுலயும் இது இருந்துச்சு. அவர் எழுதின புரோகிராம்ல ஒரு தப்பு. நான் திருத்திக் கொடுத்தேன். மறுநாளே வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

இன்னொரு எழுத்தைத் துடைத்தாள்.

"நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்களோ என்னமோ. எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

மச்சான் துண்டால் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தபோதும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.