ஒரு நாள் பிந்திய மழை

“இப்போ உள்ள புள்ளைங்க வானத்தைப் பாக்குறதில்ல, திரையத்தான் பாக்குதுங்க” என்று முணுமுணுத்தார் காத்தமுத்து. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தினமும் மழை அளந்து எழுதுபவர் அவர்.

மகள் தர்ஷிகாவுக்கு அழுகை வந்தது. மாலைக்குள் மண்சரிவு பற்றிய அறிக்கையைக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

“மண் சரிஞ்ச அன்னிக்கு மழை பூச்சியம்னு வருதுப்பா. மறுநாள்தான் வரைபடத்துல கோடு ஏறுது. கணினியில பைத்தன் நிரல் எழுதி தேதியெல்லாம் சரி பாத்துட்டேன்.”

“மெஷின நம்புனா அப்படித்தான்.”

அவள் அவர் மழையளவு எழுதும் கொப்பியைத் திறந்தாள். அதிலும் அந்த நாளுக்குப் பூச்சியம்.

“அந்தப் பேய்மழையில எவன் மழைமானி இருக்குற மேட்டுக்கு ஏறுவான்? மறுநாள் வெயில் வந்ததும் மொத்தமா அளந்தேன்.”

“ஒவ்வொரு பெருமழைக்குமா?”

“மழை அளக்குறவனுக்கு மழைன்னா பயம்னு எழுதிக்க.”

அன்றைய மழையை அளக்கக் கிளம்பியவர், தூறல் விடும்வரை வாசலில் நின்றார்.

“இருந்தாலும், இவ்வளவு படிச்ச மெஷினுக்கு இதுகூடவா தெரியாது?” என்றபடி மேட்டை நோக்கி நடந்தார்.