சக்கரத்தடி எலுமிச்சை

இரும்புலியூர் லாரி ஷெட்டின் தகரக் கூரையை உச்சி வெயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. டிரைவர் சேட்டு பதினோரு வருடமாக ஓட்டிய லாரியை இன்று அவன் தலையிலேயே கட்டிவிடத் துடிக்கிறார் முதலாளி ஜெயவேலு. அவன் சரி சொல்லும் முன்பே முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரமும் காட்டியாகிவிட்டது. "ஏறி நசுக்குடா! இந்த நிமிசத்துலேந்து நீதான் ஓனரு." சேட்டு ஏறவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவுகிறான். கட்டைவிரலில் கறுப்புப் பாலிஷ் அப்பிக்கொள்கிறது. அதற்கு அடியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. டயர் மாற்றச் சொல்லிக் கெஞ்சியபோதெல்லாம் 'ஓட்டு, பாத்துக்கலாம்' என்ற அதே வாய் இப்போது பாக்கை மென்றபடி இளிக்கிறது. "இன்னாடா தடவிக்கினு கீற? சாவுற வரிக்கும் டிரைவராவே கெடக்கப்போறியா?" சேட்டு எழுந்திருக்கிறான். "சொந்த வண்டி வாங்கத்தான் போறேன் மொதலாளி. இத்த இல்ல." குனிந்து சக்கரத்தடியிலிருந்து ஒரு பழத்தை உருவிக்கொள்கிறான். கற்பூரப் புகை கண்ணைக் கரிக்க, எதிர்ப் பெட்டிக்கடைக்கு நடக்கிறான். "அக்கா, இத்தப் புழிஞ்சி ஒரு உப்பு சோடா குடு." ஜெயவேலுவின் முகத்தைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடிக்கிறான்.