யார் சொல்வது?

“அடியாத்தீ, அண்ணனும் மதினியும் சேர்ந்தாப்ல வந்திருக்கீக! வாங்க, வாங்க!”

அன்னக்கொடி சிரித்த சிரிப்பைக் கண்டு பால்சாமி வாசலிலேயே நின்றுவிட்டான். ஐயோ பாவம், தங்கச்சிக்கு இன்னும் தெரியவில்லை!

குரங்கணிக்கு மேலே ஜீப் கவிழ்ந்து அவள் புருஷன் திருப்பதி செத்துப்போனான். அவன் வேலைபார்த்த ஏலத்தோட்டத்து ஆள் ஒருவர் சிலமலைக்கு வந்து பால்சாமியிடம் சொல்லிவிட்டு, நின்று பேசக்கூட நேரமில்லாமல் அடுத்த ஊருக்கு ஓடிவிட்டார். பத்து மணிக்கு வேறொரு ஜீப்பில் உடல் இங்கே போடிக்கு வந்துவிடும். அதற்குள் இவளிடம் சொல்லியாக வேண்டும். அப்பா செத்த அன்று கிணற்றில் குதித்தவள் இவள். இன்று என்ன செய்வாளோ!

கொல்லையில் கிணறு இருந்தது. பால்சாமி மெல்ல நகர்ந்துபோய்ப் பின்கதவை மறைத்து உட்கார்ந்துகொண்டான்.

“சொல்லுங்க,” என்று அவன் மனைவி மருதாயி முழங்கையால் இடித்தாள்.

“நீ சொல்லேன்டி. எனக்கு நாக்கு எழலை.”

அதற்குள் காப்பி வந்துவிட்டது. கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வந்தவர்கள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேண்டாமென்றால் இவளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். குடித்துவிட்டால் அப்புறம் எந்த வாயால் சொல்வது?

“என்னண்ணே யோசனை? வெரசாக் குடி. சீனி தூக்கலாப் போட்டிருக்கேன்.”

பால்சாமி கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

“இன்னிக்கு அவுக வர்றாகல்ல, கறி எடுத்திருக்கேன். சாயங்காலம் டூரிங் கொட்டகைக்குப் போறோம்,” என்றபடி ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். பாட்டோடு சேர்ந்து தானும் பாடினாள். கடவுளே, அப்படி ஒரு குஷி!

மருதாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். “இம்புட்டுச் சந்தோசமா இருக்கவகிட்ட எப்படிங்க சொல்ல?” என்று முனகினாள்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. பால்சாமிக்கு இனித் தள்ளிப்போட வழியில்லை. எழுந்தான்.

“ஆத்தா... நம்ம மாப்ள...”

அன்னக்கொடி பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாதண்ணே! விடியக்காலையில அந்தத் தோட்டத்து ஆளு மொதல்ல எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. எனக்கு அழுகையே வரலைண்ணே. ஜீப்பு வாசலுக்கு வர்ற வரைக்குமாச்சும் அவுக உசுரோட இருந்துட்டுப் போகட்டும்.”