திருத்தந்தையின் காதில் அண்ணன்

திருத்தந்தையின் சடங்குகளை நடத்தித் தரும் குருவாக ரெமிஜியுஸ் அண்ணன் ரோமில் இருந்தார். நானும் அவருடனேயே இருந்தேன். "பாப்பரசரையே எந்திரிங்க, உக்காருங்கன்னு சொல்றேன். நீ ஒருத்திதான் கேக்க மாட்டேங்குற" என்பார்.

அவர் இறந்த பிறகு ஒரு கருவி அவர் குரலிலேயே திருத்தந்தையின் காதுக்குள் அந்த வேலையைச் செய்தது. திருத்தந்தை நிறைவேற்றிய அண்ணனின் அடக்கப் பூசையையும் அதுதான் நடத்தித் தந்தது.

பூசை முடிந்ததும் திருத்தந்தை என் கையைப் பிடித்துக் குனிந்து ஆறுதல் சொன்னார். அப்போது அண்ணன் அவரிடம் இத்தாலியத்தில் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. "போதும், திருத்தந்தையே. அடுத்தவரிடம் போகலாம்."

அவர் நிமிரப் பார்த்தார். நான் கையை விடவில்லை.

"இன்னொரு தடவ சொல்லட்டும், சாமி" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

புரிந்ததோ என்னவோ, அவர் குனிந்தபடியே நின்றார். அண்ணன் மறுபடியும், சற்று அழுத்தமாக, "போதும்" என்றார்.